சுவக்கீனின் கிறுகிறுப்பு

"ஊதுங்க" என்றாள் பிலோமி.

சுவக்கீன் ஊதினான். வாசற்படி தாண்டியதுமே தலை சுற்றி, கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் புருஷனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறெங்கே கிடைக்கும்?

"வாடை இல்ல. ஏலக்கா மென்னிருக்கீங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

சுவக்கீன் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கோயிலில் சாமியார் முன்னால் முட்டிபோட்டுச் சத்தியம் செய்தவன். குடித்த காலத்தில் நேராக நடந்து பேர் வாங்கியவன், விட்ட பிறகு தள்ளாடினால் சத்தியத்தை யார் நம்புவார்கள்?

சீசனுக்குச் சூரியநெல்லியிலேயே தங்கி, சுற்றுலா வந்தவர்களை ஜீப்பில் மலையேற்றி இறக்கிவிட்டு, மழை பிடித்து மூன்று வாரம் ஆன பிறகுதான் மூணாறு வீட்டுக்குத் திரும்பியிருந்தான். வந்த நாள் முதல் இந்தக் கூத்து. கட்டிலை விட்டு எழுந்தால் தரை ஒரு பக்கமாக இழுக்கும், வயிற்றைப் புரட்டும். சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்துவிட்டால் தெளிந்துவிடும். கொண்டையூசி வளைவுகளில் பின்னால் இருப்பவர்கள் குடல் வெளியே வர வாந்தியெடுக்க, இவன் விசிலடித்துக்கொண்டு ஓட்டுவான்.

"ஜீப்புல ஏறுனா சரியாயிருதாம், வீட்டுக்குள்ள வந்தாத்தான் சுத்துதாம். எங்கக்கா மூஞ்சியப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் இருக்கும் அத்தான்!" என்று சிரித்தான் ஜிபி.

ஜிபி பிலோமியின் தம்பி; கான்ட்ராக்டர். மலைச் சரிவில் மண்ணை வெட்டி இந்த வீட்டைக் கட்டிக்கொடுத்த மகான். அதற்காக அத்தான் ஆயுசு முழுக்க நன்றியோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர, வேறு எதையும் அவன் எதிர்பார்க்கவில்லை.

அத்தான் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்ற சேதியை ஜீப் முதலாளியிடம் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியமும் அவனுக்கே. முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், தாரேன். அதுவரைக்கும் வண்டியத் தொடாத."

ஆக, புருஷன், பெண்டாட்டி, மச்சான் மூன்று பேரும் கொட்டுகிற மழையில் காது டாக்டரிடம் போனார்கள். ஜிபி வேடிக்கை பார்க்க வந்தான்; வந்ததும், தான் கான்ட்ராக்டர் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவைத்தான்.

டாக்டரம்மாவின் பெயர் இந்து; பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடும் சித்தூர்ப் பக்கத்துக்காரர். சுவக்கீனைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார், நின்றான். தரையில் கோடு பிடித்தாற்போல் நடக்கச் சொன்னார், நடந்தான். படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டு, கண்கள் ஆடுகின்றனவா என்று பார்த்தார். அவை தேமே என்று அவரையே பார்த்தன.

"டாக்டரம்மா, காத விட்டுட்டு வாயப் பாருங்க. வெசயம் அங்கதான் இருக்கு" என்றான் ஜிபி.

"கேக்கறது மட்டும் காதோட வேலை இல்லீங்க" என்றார் டாக்டர். "உள்காதுல, கொத்தனார் மட்டம் பாக்கற ரசமட்டம் மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. நாம நேரா நிக்கறமா, சாஞ்சிருக்கறமான்னு அதுதான் சொல்லும். கண்ணு ஒண்ணச் சொல்லி, காது வேற ஒண்ணச் சொன்னா தலை சுத்தும். கட்டட வேலை செய்யறவருக்கு ரசமட்டம் தெரியாதுங்களா?"

"நமக்கெல்லாம் கண்ணே போதும் டாக்டர். ஒரு பார்வை பாத்தா மட்டம் தெரிஞ்சிரும்" என்றான் ஜிபி பெருமையாக.

டாக்டர் சுவக்கீன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இங்க சுத்துதுங்களா?"

"இல்ல டாக்டர்."

"ஊட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தா?"

"சுத்தாது. உள்ள போனாத்தான்."

பிலோமிக்குப் பொறுக்கவில்லை. "நானும் மக சிஞ்சுவும் அதே வீட்டுக்குள்ளதான் கெடக்கோம். எங்களுக்கு ஒண்ணும் சுத்தலையே?"

"நீங்க அங்கயே இருந்து பழகிட்டீங்க. இவரு ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்காருங்க."

"எங்கக்காவோட பழக ஒரு ஜென்மம் வேணும் டாக்டர்" என்றான் ஜிபி. அவனைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் பிலோமியிடம் கேட்டார். "ஊட்டுக்குள்ள தண்ணி சிந்துனா எந்தப் பக்கமுங்க ஓடும்?"

காதுக்கும் கொட்டின தண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று பிலோமிக்கு எரிச்சல் வந்தது. "முந்தி வாசலுக்கு ஓடும். மழை தொடங்குனதுலருந்து அடுக்களைச் சுவத்துக்குப் போகுது. தொடச்சு மாளல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணு இப்ப எங்கீங்க?"

"வீட்டுலதான். மழைக்கு ஸ்கூல் லீவு விட்டுட்டாங்க."

"ஒடனே போன் போட்டு வெளிய வரச் சொல்லுங்க. எதையும் எடுக்க வேண்டாம். கட்டின துணியோட வரட்டும்."

சுவக்கீன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டான். ஜிபி நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான்.

"ஏன் டாக்டர், அத்தானுக்கு ஒட்டுற வியாதியா?"

"அவருக்கு வியாதியே இல்லீங்க, சாயறது ஊடு!"