மதிலுக்குப் பின்னால் ஒரு பெருச்சாளி

"டோரின் டீச்சர், உங்களுக்கென்ன விசரா? ஊரே பெருச்சாளிக்குப் பொறி வைக்குது, நீங்கள் சோறும் மீன்குழம்பும் வைக்கிறீங்கள்!"

பக்கத்து வீட்டுப் பத்மாவதியின் சத்தம் கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுக்கக் கேட்டது. டீச்சரின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்த ரொஷேல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பெருச்சாளியே அவள்தான்!

பதினைந்து வயது. பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு, பஸ் கொண்டக்டரின் "பொறள! பொறள!", ஃபாதரின் பிரசங்க இருமல், எல்லாம் அவள் தொண்டைக்குள் குடியிருந்தன. போன கிழமை டீச்சரைப் பயமுறுத்தத்தான் மதிலோரம் வந்து உறுமினாள்.

"உர்ர்ர்... க்ர்ர்ர்..."

டீச்சர் பயப்படவில்லை. "பாவம், பசி போல" என்று பின்படியில் ஒரு பிளேற் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் நாள் பகிடி. இரண்டாம் நாளிலிருந்து பசி.

அம்மா வத்தளை ஃபக்டரியால் வந்துசேர எட்டு மணியாகும். அதுவரை வீட்டில் பாணும் சம்பலும். சில நாள் சம்பல் மட்டும். ரொஷேலும் தம்பி அனுஜனும் குட்டை மதிலைத் தாண்டிப் போய், ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்று, அம்மா பழக்கினபடி குழாயடியில் எல்லாம் அலம்பிவிட்டு ஓடிவருவார்கள்.

"இந்தாங்கோ மருந்து" என்றாள் பத்மாவதி. "இண்டைக்குச் சோத்தில கலந்து வையுங்கோ. விடிய செத்துக் கிடக்கும்."

ரொஷேலின் சிரிப்பு நின்றது.

"அக்கா, இண்டைக்கும் மீனா?" என்றான் பக்கத்தில் குந்தியிருந்த அனுஜன் மெதுவாக. அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மருந்து வேண்டாம் பத்மா" என்றது டீச்சரின் குரல். "நான் முப்பது வருசம் விலங்கியல் படிப்பிச்சனான். பெருச்சாளி பன்றி மாதிரி உறுமும். சிங்களத்தில ஊருமீயா, தெலுங்கில பந்திகொக்கு, ரெண்டுக்கும் பண்டியெலி எண்டுதான் அர்த்தம்."

"பண்டியோ எலியோ, அத்திவாரத்தைத் தோண்டிப்போடும்!"

"இது தோண்டாது."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்லுறீங்கள்?"

"திண்ட பிளேற்றைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற பண்டியெலியை நான் முப்பது வருசத்தில கண்டதேயில்லை, பத்மா."

பிறகு மதில் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"இனி முன்கதவால வா, பிள்ளை. குட்டியையும் கூட்டிக்கொண்டு!"