தட்டிப் பார்த்த கல்

செங்கல்பட்டு டாக்டர் தேசிகனுக்கு மனம் கனத்தால் மாமல்லபுரம்தான். அங்கே தீனதயாளனின் சிற்பப் பட்டறையில் ஆறு மாதமாக ஓர் அம்மன் முகத்தைச் செதுக்கிவந்தார்.

வியாழக்கிழமை கருங்குழித் தையல்காரி அம்சா அவர் கண்ணெதிரே இறந்துபோனாள். கடைசியாக எண்ணியபோது நாடி நாற்பத்துநாலு. மூன்று துடிப்புக்கு ஒருமுறை ஒன்று விட்டுப்போனது. அவள் கண்களை அவரே மூடினார். இன்னும் ஐந்து நிமிடம் முயன்றிருக்கலாமோ என்ற நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை.

ஞாயிறு காலை, விரிசல் இருக்கிறதா என்று தீனதயாளன் கல்லைச் சுத்தியலால் தட்டினான். தேசிகன் வழக்கம்போல ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தட்டுவது நின்றது. சத்தம் நிற்கவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். நாற்பத்துநாலு. மூன்றுக்கு ஒருமுறை ஒன்று விட்டுப்போனது.

"இன்னா சார், கல்லு நல்லாக்கீதா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இன்னிக்கே முடிச்சிடலாம். கண்ணு மட்டும்தான் பாக்கி. உங்க கையாலயே தொறந்துடுங்க."

தீனதயாளன் சின்ன உளியை நீட்டினான். தேசிகன் கல்லில் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தியிருந்த இடது கையை எடுக்காமலே அதை வாங்கினார். உளியின் நுனி மூடிய இமையைத் தொட்டதும் துடிப்பு வேகமெடுத்தது. இப்போது ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.