லாக் போட்டவர்

"எப்ப போட்டாலும் பிஸின்னே வருது. யாருகூடதான் இப்படிப் பேசுதானோ." பேச்சிராஜ் போனைச் சோபாவில் எறிந்தான்.

மேலப்பாளையத்தில் அன்று மாதாந்திர மின்தடை. அங்கிருந்த அலுவலகத்தைத் திறக்காமல், பேச்சிராஜ் வண்ணார்பேட்டை வீட்டிலிருந்தும் அவனுடைய கூட்டாளி பெனோ தன் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தும் வேலை பார்த்தார்கள். குழந்தைகளுக்கான வீடியோ கேம். மூன்று மணிக்குள் சென்னைக் கம்பெனிக்குப் போகாவிட்டால் அடுத்த கேம் வேறு யாருக்கோ போய்விடும். அப்புறம் இரண்டு பேருக்கும் வேலை இருக்காது. மணி ஒன்றரை ஆகிவிட்டது.

"என்னதான் பிரச்சினை?" என்றாள் மனைவி பொன்செல்வி.

"நெட்டுல ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்க பட ஃபைல பெனோ காலைலேயே லாக் போட்டு வச்சிருக்கான். அவன் எடுத்தாத்தான் நான் தொட முடியும்."

"எல்லா லாக்குக்கும் சாவி ஒங்ககிட்டதான் இருக்குன்னு பீத்துவீங்களே. ஒடைச்சிர வேண்டியதுதான?"

"ஒடைச்சா அவன் செஞ்சது அத்தனையும் வீணாப் போவும். வெறும் எழுத்துன்னா ரெண்டு பேரு செஞ்சதயும் சேத்துரலாம். படத்த எப்படிச் சேக்க? வேல முடிஞ்சதும் லாக்க எடுலேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். மண்டையில ஏறுனாத்தான?"

இன்னும் மூன்று முறை அழைத்தான். மூன்று முறையும் பிஸி. லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

முருகன்குறிச்சியில் பஸ்கள் நகரவே இல்லை. சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. சென்னைக்காரராகத்தான் இருக்கும். அவரிடம் என்ன பதில் சொல்வது? பேச்சிராஜ் எடுக்கவில்லை. வழியெல்லாம் பெனோவைத் திட்டிக்கொண்டே போனான்.

பெனோவின் அம்மா சாரம்மாள் கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி. அவன் இப்பத்தான் லேப்டாப்பத் தூக்கிட்டு ஓடுனான்."

"எங்க ஓடுனான்?"

"ஒங்க வீட்டுக்குத்தான். ஏதோ பாட்டு ஃபைலாம். அது கெடைக்காம படத்துல வாயசைவ முடிக்க முடியலயாம். காலைலேர்ந்து ஒங்களுக்குப் போன் போடுதான், பிஸின்னே வருதுன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தான்."

பேச்சிராஜ் போனை எடுத்துப் பார்த்தான். எடுக்காத அழைப்புகள் ஆறு. ஆறும் பெனோ.

வாசற்படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். பாட்டு ஃபைலுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இருந்தது:

'லாக் போட்டவர்: பேச்சிராஜ். நேற்று மாலை 6.10.'