டின் பூசணி

"இஞ்சருங்கோ, என்ர நேர்த்தி பிழைச்சுப் போச்சு!"

லாசால் புறநகரில் வேலை முடித்து வந்த சிவமலர் வாசலிலேயே அழுதாள். போரில் காணாமற்போன தம்பி திரும்பி வரும்வரை பூசணி தொடமாட்டேன் என்று நல்லூர் முருகனுக்கு நேர்ந்து பதினாறு வருடம்.

"கேக் எண்டு நினைச்சுச் சாப்பிட்டிட்டன். பேந்துதான் டின் பூசணியில செய்தது எண்டு கூட வேலை செய்யிறவளவை சொல்லுறாளவை."

ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கும் அவள் கணவர் தயாபரன் சிரித்தார்.

"விசரி! டின்னில பேர்தான் பூசணி. உள்ளுக்கு இருக்கிறது ஸ்குவாஷ் எண்டு வேற காய்."

"என்னைத் தேத்திறதுக்குச் சொல்லுறியளோ?"

"முருகனாணை உண்மை."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப தம்பி வருவான், என்ன?"

"ஓம், வருவான்."

அன்று அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். தம்பியைத் தன் கையாலேயே புதைத்தவன், போன மாதமே வன்னியிலிருந்து அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருந்தான்.