சிவப்பு வட்டம்

வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளில், நட்சத்திரங்களுக்கு நடுவே ஏதாவது நகர்கிறதா என்று தேடுவதுதான் வானாய்வகத்தில் எங்கள் வேலை. இன்று எல்லோரும் பேசும் அந்தத் தகட்டை ஆறு வருடங்களுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். ஓரத்தில் இருந்த புள்ளியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘தூசி’ என்று எழுதிவைத்தேன். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த செசிலி, அந்தத் தகட்டுக்கு மறுநாள் எடுத்த பழைய தகட்டிலும் அதே புள்ளியைத் தேடியிருக்கிறாள். அது இடம் மாறியிருந்தது. சூரியனைச் சுற்றிவரும், யாரும் அறியாத ஒரு குறுங்கோள். எல்லோரும் அவள் கையைக் குலுக்கினார்கள்; நானும் குலுக்கினேன். அது மறுபடி எப்போது, எங்கே தெரியும் என்று அவள் போட்ட கணக்கு தப்ப வேண்டும் என்று எட்டு மாதம் வேண்டிக்கொண்டேன். சனியன், அவள் சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வந்து நின்றது.

இன்று அந்தத் தகட்டைப் பார்வையாளர் கூடத்தில் வைக்கிறார்கள். காலையிலேயே போய், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் நான் எழுதிய சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.

“அழிக்காதீங்க சார்,” என்று பின்னாலிருந்து செசிலியின் குரல் கேட்டது. “மொதல்ல பாத்தது நீங்கதானே. அதுக்கு என்ன பேர் வைக்கலாம்னு கேட்டு எழுதியிருந்தாங்க. நீங்க வெச்ச பேரையே அனுப்பிட்டேன்.”

அவள் சிரிக்கிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் ‘தூ’ மட்டும் மிச்சமிருந்தது.