வியாழக்கிழமை வெங்காயம்

துவைக்க எடுத்த கணவரின் சட்டையை மூக்கருகில் கொண்டுபோன தையல்காரி அப்படியே நின்றுவிட்டாள். சந்தேகமே இல்லை, வதக்கிய வெங்காய வாசனை. நேற்று அவள் வீட்டில் ஒரு வெங்காயம்கூட உரிக்கவில்லை.

மூன்று வாரமாக இதே கூத்துதான். வியாழக்கிழமை ஆனால் போதும், கண்ணாடிக் கடையில் வேலை அதிகம் என்று கணவர் தாமதமாக வருவார். வந்ததும் பசியில்லை என்று தட்டை நகர்த்திவிடுவார்.

வேறு எவளோ சோறு போடுகிறாள். சட்டையில் நீளமாக ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. இருபத்தைந்து வருஷமாக அந்த மனுஷனின் நாக்குக்குப் பிடித்தது பிடிக்காதது பார்த்துப் பார்த்துச் சமைத்தவள் அவள்.

அவளுக்கு ஒரே ஒரு தைரியம் இருந்தது. மகளின் பிரசவத்துக்கு அவள் பத்து நாள் போயிருந்தபோது, ரொட்டியும் பிஸ்கட்டும் தின்றே காலம் தள்ளி மூன்று கிலோ இளைத்துப்போனவர் அவர். அளவு கொடுக்க வருகிற பெண்களிடமெல்லாம் அவர் காதுபடவே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. என்னை விட்டா எங்க போயிடுவார்?"

வந்தவர்களும் சிரிப்பார்கள். அவரும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்துவைப்பார்.

அடுத்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கே தையல் மெஷினை மூடிவிட்டு, கண்ணாடிக் கடைக்கு எதிரே போய் நின்றாள். ஐந்தரைக்கு டாண் என்று வெளியே வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தார். கையை வீசிக்கொண்டு என்ன நடை! வீட்டுக்கு வரும்போது அவர் இப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.

நாலு தெரு தாண்டி, பச்சை கேட் போட்ட வீட்டுக்குள் நுழைந்தார். பக்கத்துச் சந்தில் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. தையல்காரி மெல்ல எட்டிப் பார்த்தாள்.

கொண்டையை உச்சியில் முடிந்த ஒருத்தி, அவர் தோளை உரசுகிற மாதிரி நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வசவு ஒன்றுகூடத் தையல்காரிக்கு வாயில் வரவில்லை. பாவி மனுஷா, உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"விரலை உள்ள மடக்குங்க. கத்தி வெங்காயத்துக்கு, உங்க விரலுக்கில்ல" என்றாள் அந்தக் கொண்டைக்காரி.

நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். தையல்காரி எக்கி நின்று முழுசாகப் பார்த்தாள். நீளமான மேசை, வரிசையாக ஐந்து அடுப்பு, இடுப்பில் துணி கட்டிய ஐந்து ஆண்கள். ஆளுக்கு அரை வெங்காயம், ஒரு முட்டை, ஒரு பிடி அரிசி, உள்ளங்கை அகலத்தில் ஒரு வாணலி. பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடுவது போல இருந்தது.

சமையல் வகுப்பு! வாயைப் பொத்திக்கொண்டு சந்திலேயே சிரித்தாள். சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. அடுத்த மாதம் நாலாம் தேதி அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். அன்றைக்கு அவளை உட்காரவைத்து, தன் கையால் சமைத்துப் போடத்தான் மனுஷன் இந்தத் திருட்டு வேலை பார்க்கிறார். இவரைப் போயா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று அவர் வந்து பசியில்லை என்றதும், அவள் மறுபேச்சுப் பேசாமல் தட்டை எடுத்துவைத்தாள். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அவளுக்கு அதுவும் வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் கடைக்குப் போனதும் பச்சை கேட் வீட்டுக்குப் போய்விட்டாள். யார் என்று சொல்லி அவர் ரகசியத்தைக் கெடுப்பானேன்? தன் தம்பியைச் சேர்க்க வேண்டும் என்று சும்மா ஒரு பொய் சொன்னாள். அவரைப் பற்றி இன்னொருத்தர் நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கொண்டைக்கார டீச்சர் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர் ஒருவர் இங்கே வருகிறாராமே என்று தையல்காரி மெதுவாகப் பேச்செடுத்தாள். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது.

"அவரா? தங்கமான மனுஷன். முதல் நாள் அடுப்பைப் பத்தவைக்கவே கை நடுங்குச்சு. இப்ப எல்லாம் தானே செய்யறார். ஒண்ணாம் தேதிக்குள்ள முழுசாக் கத்துக்கணும்னு ஒரே பிடிவாதம்."

மூன்று நாள் முன்னதாகவே தயாராகிவிட நினைக்கிறார்! தையல்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றும் தெரியாதவள் போல, அப்படி என்ன அவசரமாம் அவருக்கு என்று கேட்டாள்.

டீச்சர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்குத்தாம்மா அவர் தனியாக் குடி போறார்."