கோட்டில் தொங்கிய பட்டன்

"அவ்வளவு வேகமா போடாதீங்கப்பா," என்றாள் மகள். "விசாரணைக்கு வர்ற மேடம் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அப்பா சட்டையின் மூன்றாவது பட்டனில் நிறுத்தினார். பத்து விரலும் சொன்ன பேச்சைக் கேட்டன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டிட்டு மறுபடி போடுங்க. மெதுவா. ரெண்டு பட்டனோட நிறுத்திக்கோங்க, மிச்சத்தை நான் போட்டு விடுறேன்."

"டைலருக்கே பட்டன் போடச் சொல்லித் தர்றியா?"

"சிரிக்காதீங்க. போன தடவை வந்தவரை வாசல் வரைக்கும் நடந்து போய் வழியனுப்புனீங்க. உதவித்தொகை மனு தள்ளுபடி. இந்தத் தடவையும் போச்சுன்னா இன்னும் ஒரு வருஷத்துக்கு மனுவே போட முடியாது. வாடகைக்கு எங்க போறது?"

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் அவசரமாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவரை அதில் உட்கார வைத்தாள்.

உள்ளே வந்த அதிகாரி அம்மா கோப்பை மடியில் விரித்தார். அவருடைய அலுவலகக் கோட்டில் ஒரு பட்டன் ஒற்றை நூலில் தொங்கியது. அப்பாவின் கண் முதலில் அங்கேதான் போனது.

"நோயாளிக்கு ஒரு உதவித்தொகை, கவனிச்சுக்கிறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் சேர்த்துத்தானே மனு?"

"ஆமா மேடம். நரம்பு நோய், நாலு வருஷமா. சட்டை போட, சாப்பிட, பாத்ரூம் போக, எல்லாத்துக்கும் நான் வேணும். மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் கை கால் இளகும். அப்புறம் பழையபடிதான்."

"மாத்திரையைக் காட்டுங்க."

அவள் டப்பாவைத் திறந்தாள். காலை, மதியம், இரவு என்று மூன்று அறைகள். மூன்றும் காலி.

"நேத்து ராத்திரிதானே நிரப்பி வச்சேன்..." என்று இழுத்தாள்.

அதிகாரி அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

"இந்தத் தொகை கிடைச்சா நீங்க வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் போகக் கூடாது. தெரியும்ல?"

"எனக்கு எங்கயும் போற எண்ணம் இல்லை மேடம்."

அப்பா அலமாரியைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு கடித உறையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. வெளியூர்க் கல்லூரியில் அவளுக்கு மேல்படிப்புக்கு இடம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். அவள் அதை அங்கே ஒளித்து வைத்து நான்கு நாளாகிறது.

"மேடம், அந்தக் கோட்டைக் கொஞ்சம் கழட்டித் தாங்க," என்றார் அப்பா.

"எதுக்கு?"

"பட்டன் தொங்குது. பார்த்துட்டுச் சும்மா விட்டா எனக்குத் தூக்கம் வராது."

"அப்பா!"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மூலையில் துணி போர்த்திக் கிடந்த தையல் மெஷின் வரை நடந்து, இழுப்பறையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார். நூல் முனையை உதட்டில் ஈரப்படுத்தினார். ஒரே தடவையில் நூல் ஊசிக் காதுக்குள் போனது.

நான்கு துளையிலும் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தார். பட்டனுக்கு அடியில் மூன்று சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

"இந்தாங்க. மத்த பட்டன் எல்லாம் விழுந்தாலும் இது விழாது."

அதிகாரி கோட்டை வாங்கிக்கொண்டார். காலி நாற்காலியைப் பார்த்தார், காலி டப்பாவைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார்.

"டாக்டர் சீட்டுல ஒண்ணு இருக்கு, என் கண்ணு முன்னாடி வேற ஒண்ணு நடக்குது. நான் பார்த்ததுக்குத்தாம்மா மார்க் போட முடியும். கவனிச்சுக்க ஆள் தேவையில்லைன்னு எழுதுறேன்." கோப்பை மூடினார். "பொய் மனுன்னும் எழுதலாம். எழுதலை. பட்டனுக்கு நன்றின்னு வச்சுக்கோங்க."

அப்பா வாசல் வரை நடந்து போய் அவரை வழியனுப்பினார். கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.

மகள் காலி டப்பாவை ஓங்கி மூடினாள். "நாலு வருஷமா நான் உங்களுக்கு ஊட்டி விடுறேன். உங்களால ஊசி கோக்க முடியுமா? என்கிட்டயும் நடிச்சீங்களாப்பா?"

அவர் திரும்பவில்லை.

"பெட்டியைக் கட்டு பாப்பா. எனக்கு ஆளே தேவையில்லைன்னு அரசாங்கமே எழுதிடுச்சு. இனிமே உனக்கு இங்க என்ன வேலை? இஸ்திரிப் பெட்டிக்கு அடியில இருக்கே, அதை எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை போய்ச் சேரு."

வெளியே ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

அப்பா நெற்றியைக் கதவு நிலையில் சாய்த்திருந்தார். கழுத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"ஸ்கூட்டர் தெரு முனை தாண்டிடுச்சா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "தாண்டிடுச்சு."

"மூணு வேளை மாத்திரையும் சேர்த்துப் போட்ட வேகம் இறங்கிடுச்சு. அப்ப ஓடி வந்து என்னைப் பிடிச்சுக்கோ, பாப்பா."